கருக்கலைப்புச் சட்ட வரைபடத்தைத் தனியாளாகப் பராமரித்தேன்: இந்த வேலையை ஏற்கப் போகிறவர்களுக்கு

கருக்கலைப்புச் சட்டம் எந்த நாட்டில் எப்படி இருக்கிறது என்று காட்டும் ஓர் இணைய வரைபடத்தை, 2021 கடைசியிலிருந்து மூன்று வருடத்துக்குக் கிட்ட நான் தனியாகப் பராமரித்தேன். பேராதனையில் புவியியல் படித்துவிட்டு, கொட்டகலைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்கே திரும்பி வந்து, கிடைக்கிற வரைபட வேலைகளை வீட்டிலிருந்து செய்துகொண்டிருந்த காலம் அது. இந்த வேலை இப்படித்தான் இருக்கும் என்று முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் சம்பளத்தை வேறு விதமாகப் பேசியிருப்பேன், அட்டவணையை வேறு விதமாகப் போட்டிருப்பேன், பல இரவுகளை அழுது கழித்திருக்க மாட்டேன். இப்போது மலையகத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் வீட்டிலிருந்தே தரவு வேலை எடுக்கிறார்கள். மாறிக்கொண்டே இருக்கிற ஒரு விஷயத்தின் வரைபடம் அவர்களில் யாருடைய கைக்காவது வரும். அவர்களுக்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வேலையைத் தந்தது கொழும்பில் இருக்கும் ஒரு நிறுவனம். அவர்களுக்கு வேலை தந்தது ஒரு வெளிநாட்டு அமைப்பு. மொத்தமாக 2,40,000 ரூபாய். பாதி முன்பணம், மீதி வேலை முடிந்ததும். வரைபடம் தயாரிப்பது, அதை இற்றைப்படுத்துவது, இரண்டும் ஒரே வரியில், ஒரே தொகைக்குள் இருந்தன. அப்போது அது எனக்குப் பெரிய காசு. அம்மா இன்னும் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். அண்ணனுக்குக் கொரோனாவோடு ஹோட்டல் வேலை போயிருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். என் கைக்கு வந்தது ஓர் எக்செல் கோப்பு. நாட்டின் பெயர், அதற்குப் பக்கத்தில் ஒரு நிறம், அவ்வளவுதான். யார் பார்த்தது, எப்போது பார்த்தது, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று எதுவும் இல்லை. அதைத் தந்தவரிடம் கேட்டேன். "தங்கச்சி, அது முன்னாடி இருந்தவங்க செஞ்சது. சரியாத்தான் இருக்கும்" என்றார்.

சரியாக இருக்கவில்லை. ஆர்ஜென்டினா அதில் இன்னும் தடை நிறத்தில் இருந்தது. அங்கே 14 வாரம் வரை பெண்ணின் விருப்பத்தின் பேரில் செய்யலாம் என்று செனட் 2020 டிசம்பர் 30ஆம் திகதியே வாக்களித்து, 2021 ஜனவரி 24 முதல் சட்டம் நடைமுறையில் இருந்தது. தாய்லாந்து 2021 பெப்ரவரியில் 12 வாரம் வரை அனுமதித்ததும் இல்லை. வட அயர்லாந்து இங்கிலாந்தோடு சேர்ந்து ஒரே நிறத்தில் கிடந்தது. 1967ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டம் அங்கே ஒருபோதும் செல்லுபடியானதில்லை. குற்றவியல் தடை நீங்கியது 2019 ஒக்டோபரில்தான். ஒவ்வொரு நாடாக முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. மூன்று மாதத்தில் முடியும் என்று நினைத்த வேலையில், இப்படித் தோண்டுவதற்கு மட்டுமே அதைவிடக் கூடுதலாகப் போனது. அந்த மாதங்களில் வேறு இரண்டு வேலைகளை விட்டேன். ஒன்று ஒரு பிரதேச சபைக்கான வீதி வரைபடம், நல்ல காசு.

இங்கே முதல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய அட்டவணை ஒன்றைத் தந்து "இதைத் தொடர்ந்து செய்யுங்கள்" என்றால், அதைச் சரிபார்க்கும் வேலைக்குத் தனியாகக் காசு பேசுங்கள். ஏற்கனவே இருக்கும் பெரிய தொகுப்புகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல தொடக்கம். இனப்பெருக்க உரிமைகள் மையம் பல வருடங்களாக வெளியிடும் உலக வரைபடம் இருக்கிறது; நாடுகளை ஐந்து வகையாகப் பிரிக்கும். உலக சுகாதார நிறுவனம் 2017இல் தொடங்கிய கருக்கலைப்புக் கொள்கைத் தரவுத்தளத்தில் சட்ட மூலங்களும் கிடைக்கும். இந்த இரண்டும் ஒத்துப்போனால் ஓரளவு நிம்மதி. ஒத்துப்போகாத இடத்தில்தான் உண்மையான வேலை. அங்கே போய் அந்த நாட்டின் வர்த்தமானியையோ தீர்ப்பையோ நேரடியாகப் படிக்க வேண்டும். படித்ததை உங்கள் கணினியில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அரசாங்க இணையத்தளங்களில் இன்று திறக்கும் பக்கம் அடுத்த மாதம் திறக்காது.

பிறகு 2022 வந்தது. நம் நாட்டுக்கு அந்த வருடம் எப்படி இருந்தது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய்ப் பக்கம் இருந்தது, மே மாதம் 360க்கு ஏறிவிட்டது. அந்த அமைப்பு கொழும்புக்கு அனுப்பியது டொலரில். எனக்குப் பேசியது ரூபாயில். முன்பணத்தில் மிச்சம் வைத்திருந்ததன் பெறுமதி கண்ணுக்கு முன்னால் கரைந்தது. லெப்டொப்பின் பேட்டரி போய் மாற்றக் கேட்டபோது ஹட்டன் கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டு ஒன்றும் பேசாமல் பஸ் ஏறி வந்துவிட்டேன். அதன்பிறகு கரண்ட் இருக்கும்போது மட்டும்தான் வேலை. மின்வெட்டு நேர அட்டவணையைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தோம்.

ஜூன் 24, வெள்ளிக்கிழமை. கருக்கலைப்பை நாடு முழுவதும் உரிமையாக்கியிருந்த 1973ஆம் ஆண்டின் ரோ எதிர் வேட் தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்துச் செய்தது. நம்ம நேரத்துக்கு இரவு ஏழரை மணி தாண்டிய நேரம். மே மாதமே தீர்ப்பின் வரைவு கசிந்திருந்ததால் வரும் என்று தெரியும். ஆனால் வந்தபோது கொழும்பிலிருந்து ஒரே ஒரு செய்தி: "இன்று இரவே அமெரிக்காவை மாற்றிவிடுங்கள்." எதற்கு மாற்றுவது? அமெரிக்கா என்று ஒரு நிறம் இனிமேல் கிடையாது. ஐம்பது மாநிலங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சட்டம். ரோ விழுந்தால் தடை தானாக வரட்டும் என்று பதின்மூன்று மாநிலங்கள் முன்கூட்டியே சட்டம் எழுதி வைத்திருந்தன. அவற்றிலும் சிலது உடனே அமுலாகும், சிலதுக்கு முப்பது நாள் தவணை. டெக்சஸில் அந்த முப்பது நாள் ஜூன் 24இலிருந்து தொடங்கவில்லை. நீதிமன்றத்தின் முறையான கட்டளை வெளியான ஜூலை 26இலிருந்துதான் எண்ண வேண்டும். தடை ஓகஸ்ட் 25இல் வந்தது. ஆனால் 2021 செப்டம்பரிலிருந்தே அங்கே இன்னொரு சட்டம், கருவின் இதயத்துடிப்பு தெரிந்ததும் கருக்கலைப்பைத் தடுத்துக்கொண்டிருந்தது. லூசியானாவில் தடை அன்றே வந்தது, மூன்றாம் நாளே ஒரு நீதிமன்றம் நிறுத்திவைத்தது, ஜூலையில் திரும்பவும் வருவதும் நிற்பதுமாக இருந்தது. கென்டக்கியிலும் அதே கதை.

அந்த இரவும் அதற்குப் பின்னால் வந்த மாதங்களும் எனக்கு எப்படிப் போயின என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். பயம். இரவில் மாற்றிவைத்தது காலையில் பொய்யாகி இருக்கும். பெற்றோல் வரிசையில் நிற்கப் போன அண்ணன் திரும்பி வந்து "நீ இன்னும் படுக்கலியா" என்று கேட்பான். எங்கோ ஒரு பெண் என் வரைபடத்தைப் பார்த்து, தன்னுடைய மாநிலத்தில் இன்னும் முடியும் என்று நம்பி மணிக்கணக்கில் பயணம் செய்து, அங்கே கதவு மூடியிருப்பதைப் பார்ப்பாள் என்ற நினைப்பு மனதைவிட்டுப் போகவே இல்லை. இதைப் பற்றிப் பேச ஆள் இல்லை. என்ன வேலை செய்கிறேன் என்று லயத்தில் சொல்ல முடியாது. "அந்த மாதிரி விஷயம்" என்று பேச்சு கிளம்பினால் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் அம்மா தலைநிமிர்ந்து நிற்க முடியாது. படம் வரைகிற வேலை என்றுதான் அம்மாவுக்கே தெரியும்.

வேலை ரீதியாக அந்த மாதங்களில் நான் படித்தது, ஒரு சட்டத்துக்கு ஒரு திகதி போதாது என்பது. நான்கு திகதிகள் வேண்டும்: நிறைவேறியது அல்லது தீர்ப்பானது, வெளியிடப்பட்டது, அமுலுக்கு வந்தது, நான் கடைசியாகப் பார்த்தது. போலந்தை எடுத்துக்கொள்ளுங்கள். கருவின் குறைபாட்டைக் காரணமாகக் கொண்ட கருக்கலைப்பு அரசியலமைப்புக்கு முரண் என்று அவர்களுடைய தீர்ப்பாயம் சொன்னது 2020 ஒக்டோபர் 22. அது வர்த்தமானியில் வந்து சட்டமானது 2021 ஜனவரி 27. இடையில் மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தில் வெளிவந்த பல செய்திகளைப் படித்தால் தடை ஏற்கனவே வந்துவிட்டது என்றே தோன்றும். பின்னால் 2024இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் செப்டம்பர் 30ஆம் திகதி ஒரு நீதிபதி ஆறு வாரத் தடையை நீக்கினார். ஒக்டோபர் 7ஆம் திகதி மாநில உச்ச நீதிமன்றம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. ஒரே ஒரு வாரம். மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறவருக்கு அந்த வாரம் கண்ணிலேயே படாது. அதே வருடம் அரிசோனாவில், அது ஒரு மாநிலமாவதற்கு முன்பே எழுதப்பட்ட 1864ஆம் ஆண்டுச் சட்டத்தை ஏப்ரல் 9ஆம் திகதி உச்ச நீதிமன்றம் உயிர்ப்பித்தது. மே 2ஆம் திகதி ஆளுநர் அதை நீக்கக் கையெழுத்திட்டார். நீக்கம் அமுலானது செப்டம்பரில். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு அந்தப் பழைய தடை நடைமுறைக்கு வரவே இல்லை. இதற்கு எந்த நாளில் எந்த நிறம் போடுவீர்கள்? நான் கடைசியில் நிறத்துக்கு மேலே கோடுபோட்ட வடிவம் ஒன்றைச் சேர்த்தேன்: "சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, நீதிமன்றத்தால் நிற்கிறது." அந்த ஒரு வகை வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நீங்கள் முதல் நாளே அதைச் சேர்த்துவிடுங்கள்.

நிறங்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அனுமதிக்கு ஒரு நிறம், தடைக்கு ஒரு நிறம் என்று இரண்டு நிறத்தில் முடித்துத் தரச்சொல்லி என்னை நெருக்கினார்கள். பங்களாதேஷை அதில் எங்கே வைப்பது? சட்டப்படி உயிரைக் காப்பாற்ற மட்டும்தான் கருக்கலைப்பு. ஆனால் 1979இலிருந்து "மாதவிடாய் சீராக்கல்" என்ற பெயரில் ஆரம்ப வாரங்களில் அரச சுகாதார சேவையிலேயே செய்கிறார்கள். ஜெர்மனியில் அது சட்டப்படி குற்றம்தான். ஆலோசனை பெற்று மூன்று நாள் கழித்து 12 வாரத்துக்குள் செய்தால் தண்டனை இல்லை. தென் கொரியாவில் 2020 முடிவதற்குள் சட்டத்தைத் திருத்தும்படி அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது. பாராளுமன்றம் திருத்தவில்லை. 2021 ஜனவரி 1 முதல் பழைய குற்றப் பிரிவு செல்லாது, அதன் இடத்தில் புதிதாக ஒன்றும் வரவில்லை. இந்தியாவை "அனுமதி" என்று போட்டுவிடுகிறார்கள். அங்கே 1971ஆம் ஆண்டுச் சட்டம், 2021 திருத்தத்துக்குப் பிறகும், முடிவை மருத்துவரின் கையில்தான் வைத்திருக்கிறது: 20 வாரம் வரை ஒரு மருத்துவர், குறிப்பிட்ட பிரிவுப் பெண்களுக்கு 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள். மணமாகாத பெண்களும் அந்தப் பிரிவில் அடங்குவார்கள் என்று அவர்களுடைய உச்ச நீதிமன்றம் சொன்னது 2022 செப்டம்பர் 29ஆம் திகதி. சட்டத்தின் எழுத்து ஒன்றுகூட மாறவில்லை, ஆனாலும் என் வரைபடத்தில் குறிப்பு மாற வேண்டியிருந்தது. தீர்ப்புகளைத் தொடராமல் சட்டங்களை மட்டும் தொடர்கிறவர்களுக்கு இது தப்பிவிடும்.

வாரக் கணக்கும் அப்படித்தான். பிரான்சில் 14 வாரம் என்பது கருத்தரித்த நாளிலிருந்து. கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணினால் 16. ஆர்ஜென்டினாவின் 14ஐ அதற்குப் பக்கத்தில் அப்படியே வைத்தால் இரண்டும் ஒன்றென்று தோன்றும். எங்கிருந்து எண்ணுகிறார்கள் என்பதற்கு அட்டவணையில் ஒரு தனி நிரல் போடுங்கள். வெளியாட்களுக்குச் செல்லுமா என்பதற்கும் ஒன்று போடுங்கள். சிங்கப்பூரில் 24 வாரம் வரை முடியும், ஆனால் சுற்றுலா விசாவில் போய் இறங்கினவருக்கு முடியாது. வேலை அனுமதி போன்றவை இல்லாத வெளிநாட்டவர் நான்கு மாதமாவது அங்கே வசித்திருக்க வேண்டும்.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். இந்தப் பகுதியை எழுதத்தான் உண்மையில் உட்கார்ந்தேன். இலங்கையில் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைதான் இன்றைக்கும். பெண்ணின் உயிரைக் காப்பாற்றுவதற்கு மட்டும் அனுமதி. மற்றபடி செய்பவருக்கும், தானே செய்துகொள்ளும் பெண்ணுக்கும், மூன்று வருடம் வரை சிறை. கரு அசையத் தொடங்கிய பிறகென்றால் ஏழு வருடம் வரை. 1995இல் பாலியல் வன்புணர்வு, கருவின் கடும் குறைபாடு போன்றவற்றுக்கு விலக்குத் தரும் திருத்தம் ஒன்று பாராளுமன்றத்துக்குப் போய்த் திரும்பியது. 2017இல் அதே மாதிரி ஒரு யோசனைக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் வந்தது. மதத் தலைவர்கள் எதிர்த்தார்கள். சட்டமாகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் பின்னால் குழாயடியில், பக்கத்து டிவிஷன் அக்கா ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கம்ப்யூட்டர் படித்த பிள்ளை என்று என்னிடம் போன் பில், வெளிநாட்டு விண்ணப்பம் எல்லாம் கேட்பது வழக்கம். போனில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். யாரோ 2017 செய்தியை வைத்துச் செய்த படம், நான் செய்தது இல்லை. "தங்கச்சி, இதுல நம்ம நாடும் மஞ்சளாத்தானே இருக்கு? மஞ்சள்னா கெடுத்துட்டாங்கன்னா கலைக்கலாம்னு போட்டிருக்கு. அப்ப டிக்கோயா ஆஸ்பத்திரியில செய்வாங்கதானே?" என்றார். படத்தில் திகதி இல்லை, செய்தவர் பெயர் இல்லை. எத்தனை போன் தாண்டி வந்ததோ. இல்லை அக்கா, அது அமைச்சரவையில் பேசியதோடு நின்றுபோனது, சட்டம் மாறவில்லை என்று நான் சொல்லவேண்டி வந்தது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். பிறகு தமிழ்நாட்டில் கோத்தகிரியில் சின்னம்மா இருக்கிறார், மலையக மக்களை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி ஒப்பந்தத்தில் போனவர்கள், இந்தியா அந்தப் படத்தில் பச்சையாக இருக்கிறதே என்று கேட்டார். நிறத்தை நம்பிப் பயணம் கிளம்ப வேண்டாம், அங்கே ஒரு மருத்துவரிடம் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றேன். எனக்குத் தெரிந்த ஒரு சட்டத்தரணி அம்மாவிடம் கூட்டிப்போனேன். அதற்குப் பிறகு நடந்தது அந்த அக்காவுடையது, நான் எழுதுவதற்கில்லை.

அன்றைக்குத்தான் ஒன்று எனக்குத் தெளிவானது. இணையத்தில் நான் மாற்றுகிற வரைபடம் ஒன்று. ஆட்களின் கையில் இருக்கிற வரைபடம் வேறொன்று. நம்ம பக்கத்தில் யாரும் இணைப்பைத் திறந்து பார்ப்பதில்லை, டேட்டா காசு. படமாகத்தான் வட்ஸ்அப்பில் போகிறது. படம் போனபின் அதை யாராலும் இற்றைப்படுத்த முடியாது. அதனால் திகதி வரைபடத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்து பலனில்லை. வெட்டினாலும் போகாதபடி நடுவில், கடல் பரப்பில், பெரிதாக இருக்க வேண்டும்: "இது இந்த மாதத்து நிலை. இதற்குப் பிறகு மாறியிருக்கலாம்." இலங்கை கைப்போன் திரையில் புள்ளியாகக்கூடத் தெரியாது, ஆகவே தமிழ்ப் பதிப்பில் அதை மட்டும் பெரிதாக்கி ஒரு கட்டத்தில் போட்டு, அதற்குள் எழுத்திலேயே சொன்னேன். கூடவே இரண்டு வரி: இரத்தப்போக்கோ காய்ச்சலோ இருந்தால் தாமதிக்காமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள், சிகிச்சை இலவசம், வண்டி இல்லையென்றால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். பயந்து வீட்டிலேயே கிடப்பதால்தான் உயிர் போகிறது. சட்டத்தைக் காட்டும் வரைபடத்தில் இது எதற்கு என்று கொழும்பில் கேட்டார்கள். நான் எடுக்கவில்லை.

அதோடு இன்னொன்று: மாறாத சட்டத்தையும் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். "மாற்றம் இல்லை, இந்தத் திகதியில் பார்த்தேன்" என்பதும் ஒரு தகவல்தான். 1883இலிருந்து அசையாத ஒரு சட்டம் மாறிவிட்டதாக எத்தனை பேர் நம்புகிறார்கள் என்று நேரில் பார்த்தபின் இதை உறுதியாகச் சொல்கிறேன். கொழுந்து எடுக்கிற ரவுண்டு தவறினால் இலை முத்திவிடும், பிறகு அந்த மலையையே வெட்டிச் சீர்செய்ய வேண்டும். அதே மாதிரி ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சுற்றுத் திட்டம் போட்டேன். வழக்கு ஓடுகிற இடங்களை வாரத்துக்கு ஒருமுறை, மசோதா நிலுவையில் இருக்கும் நாடுகளை மாதத்துக்கு ஒருமுறை, மற்றவற்றைக் காலாண்டுக்கு ஒருமுறை. குறித்த நாள் தாண்டியும் யாரும் பார்க்காவிட்டால் அந்த நாடு தானாகச் சாம்பல் நிறமாகும்படி கணினி நிரலில் ஒரு வரி எழுதினேன். பழைய தகவலை நல்ல நிறத்தில் காட்டுவதைவிடச் சாம்பலே நேர்மையானது. நான் காய்ச்சலில் படுத்தாலும், வேலையை விட்டாலும், வரைபடம் யாரையும் ஏமாற்றாது. நான் செய்தவற்றில் எனக்கு முழுத் திருப்தி தந்தது இது ஒன்றுதான்.

இப்போது காசு. மீதிப் பாதியை 2022 ஜூலையில் கேட்டேன். "அமெரிக்கா முடியட்டும்" என்றார்கள். அமெரிக்கா இன்றைக்கும் முடியவில்லை. 2023இல் கேட்டபோது மெக்சிகோவில் உச்ச நீதிமன்றம் செப்டம்பரில் கூட்டாட்சிச் சட்டத்தின் தண்டனைப் பிரிவைச் செல்லாதென்று சொல்லியிருந்தது. மாநிலங்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும் என்றார்கள். அதையும் பிரித்துக் கொடுத்தேன். வரைபடத்தை இணையத்தில் வைத்திருக்கும் சேவைக்கான மாதக் கட்டணம் சில மாதங்கள் கொழும்பிலிருந்து வராமல் நின்றது. வரைபடம் மறைந்துவிடக் கூடாதென்று என் கைக்காசைக் கட்டினேன், யாரும் திருப்பித் தரவில்லை. வராத 1,20,000, கட்டணம், ரீலோட், விட்ட வேலைகள் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் நாலு லட்சத்துக்குக் குறையாது. அம்மாவின் சங்கிலி ஹட்டன் அடகுக் கடையில் இருந்த நாட்களில் நான் ஒரு வெளிநாட்டு மாநிலத்தின் நிறத்தைச் சும்மா மாற்றிக்கொண்டிருந்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. 2024 நவம்பரில் அரிசோனாவும் மிசூரியும் உட்படப் பல மாநிலங்கள் இது குறித்து வாக்களித்தன. முடிவுகளைப் போட்டு, சரிபார்த்து, அடுத்த வாரம் விலகல் கடிதம் அனுப்பினேன்.

ஆகவே ஒப்பந்தம் எழுதும்போது இவற்றைக் கேளுங்கள். தயாரிக்க ஒரு தொகை, பராமரிக்க மாதாமாதம் ஒரு தொகை, இரண்டும் தனித்தனியாக. டொலரில் வரும் வேலைக்கு டொலர் விகிதத்தில் பேச்சு. எத்தனை இடங்களைப் பார்க்கிறீர்கள் என்று எண்ணிக்கை இருக்கட்டும். ஒரு நாடு ஐம்பது மாநிலமாகப் பிரிந்தால் தொகையும் மாற வேண்டும். இணையக் கட்டணம் அவர்களுடைய அட்டையில் இருக்கட்டும், உங்கள் அட்டையில் வேண்டாம். காசு நின்றால் இற்றைப்படுத்தல் நிற்கும், நின்றால் வரைபடம் சாம்பலாகும் என்று எழுத்தில் வாங்குங்கள். நீங்கள் விலகும்போது யாரிடம் ஒப்படைப்பது, ஒருவரும் வராவிட்டால் எந்த நாளில் இறக்குவது என்பதும் எழுத்தில் வேண்டும். இதையெல்லாம் கேட்டால் வேலை கைவிட்டுப் போகும் என்று பயம் வரும். எனக்கும் வந்தது. இப்படிப்பட்ட வேலை கைவிட்டுப் போனால் பரவாயில்லை.

தனியாக எடுக்காதீர்கள். சட்டம் படித்த ஒருவர் உங்கள் குறிப்பை வாசிக்காமல் நிறம் மாறக் கூடாது. எனக்கு அந்தச் சட்டத்தரணி அம்மா கடைசி வருடத்தில்தான் கிடைத்தார். வட்ஸ்அப்பில் ஒரு தீர்ப்பை அனுப்பினால் "இது இடைக்கால உத்தரவு மகள், இறுதி இல்லை" என்று இரண்டு வரியில் பதில் வரும். ஒருநாள் முழுக்க நான் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த விஷயமாக இருக்கும். வரைபடத்தில் "தவறு இருந்தால் அறிவியுங்கள்" என்று ஒரு பெட்டி வைத்தால், திருத்தங்களைவிடச் சொந்தக் கதைகள்தான் அதிகம் வரும். எத்தனையாவது வாரம், எந்த ஊர், கணவர் எங்கே என்றெல்லாம் எழுதுவார்கள். நம்ம சட்டத்தில் அது அவர்களுக்கே ஆபத்து. பெயரும் தொலைபேசி எண்ணும் கேட்காத பெட்டியாக வையுங்கள், வந்த செய்திகளைக் குறித்த நாளில் அழியுங்கள், யார் பதில் சொல்வது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். வன்முறை சம்பந்தப்பட்டதென்றால் 1938 பெண்கள் உதவி எண்ணைச் சொல்லலாம். வரைபடம் வரைகிறவர் மருத்துவர் இல்லை, ஆனால் எழுதியவருக்குப் பதிலே இல்லாமலும் விடக் கூடாது.

இப்போது நான் செய்வது சின்ன வேலை. உலகம் வேண்டாம். இலங்கை, இந்தியா, நேபாளம், பங்களாதேஷ், நம்ம பெண்கள் வேலைக்குப் போகிற வளைகுடா நாடுகள், சிங்கப்பூர். அவ்வளவு இடங்களை நானும் நுவரெலியாவில் இருக்கும் ஒரு தோழியும் பங்கு போட்டுப் பார்க்கிறோம், அந்த அம்மா வாசிக்கிறார். வரைபடமும் கிடையாது, தமிழில் ஒரு அட்டவணை, நாட்டுக்கு ஐந்தாறு வரி, மேலே திகதி, மாதத்துக்கு ஒரு புதிய படம், பழையதன் மேல் "காலாவதி" என்று குறுக்கே எழுதித் திரும்ப அதே குழுக்களுக்கு அனுப்புகிறோம். இந்த மாதம் என் பங்கில் நேபாளமும் வளைகுடாவும் இருக்கின்றன. இதில் கைகொடுக்க விரும்புகிறவர்களுக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அரபு மொழியில் ஒரு வர்த்தமானியைப் படித்துச் சொல்லக்கூடிய ஒருவரைத்தான் நாங்கள் இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம்.